செருப்போடு வயலில் இறங்கியவர்

என் செல்ல அண்ணனுக்கு,

செல்லம் என்று எழுதினாலும் உன்மேல் எரிச்சலாகத்தான் வருகிறது. நீ போய் ஒன்பது மாதமாகிறது. இன்னும் உன்னால் நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

"செருப்போட வயல்ல எறங்குறவன மட்டும் நம்பாத" என்பாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஆளை எடை போட உனக்கு அது ஒன்று போதும். நெல் லட்சுமி, சரி. நானும் வயலில் செருப்புப் போட்டதில்லை. ஆனால் உனக்குச் சர்க்கரை. வெறுங்காலோடு நடக்காதே என்று டாக்டர் எத்தனை தடவை சொன்னார்? அறுத்த நெல்தாள் குத்திய காயம்தானே என்று மஞ்சளை வைத்துக்கொண்டு திரிந்தாய். முதலில் கால் போயிற்று, பிறகு நீயே போனாய். சொன்னால் கேட்கிற ஆளா நீ?

இப்போது வயலை அண்ணிதான் ஆள் வைத்துப் பார்க்கிறார். நான் குத்தாலத்தில் பள்ளிக்கூடத்தோடு மாரடித்துவிட்டு, சனிக்கிழமையானால் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுகிறேன். நமக்குப் பக்கத்துப் பள்ளத்து வயலை இந்த வருஷம் ஒரு புது ஆள் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். பெயர் மாரிமுத்து. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். புயலில் மரமெல்லாம் சாய்ந்துபோய் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். முதல் நாள் பார்க்கிறேன், மனுஷர் சேற்றில் கழன்றுவிடாமல் ரப்பர் செருப்பைச் சணலால் கட்டிக்கொண்டு, நட்ட வயலுக்குள் ஜம்மென்று நிற்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் தங்கச்சியாயிற்றே, அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். இந்த ஆள் சரியில்லை.

அப்புறம் மழை பிடித்து மூன்று நாள் விடாமல் கொட்டியது. சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வயலுக்குப் போனேன். நடுவரப்பை ஒரு முழத்துக்கு வெட்டிவிட்டு மண்வெட்டியோடு நிற்கிறார் மாரிமுத்து. நம் வயல் தண்ணீர் குபுகுபுவென்று அவர் வயலுக்குள் போகிறது. அடுத்தவன் வரப்பை வெட்டுவது நம் ஊரில் சின்ன விஷயமா? அதற்காகக் கொலையே விழுந்த கதையெல்லாம் நீ சொல்லித்தானே எனக்குத் தெரியும்.

"யாரு வரப்புல யாரு கைய வைக்கிறது?" என்று கத்தினேன்.

"இல்லங்க டீச்சர், தண்ணி வந்து..."

"போதும், பேசாதீங்க!"

பேசவில்லை. பேசாதே என்றால் அப்படியேவா வாயை மூடிக்கொள்வது? அங்கேயே நின்று, அந்தப் பள்ளத்து வயலைக் குத்தகைக்கு விட்ட சென்னை நிலத்துக்காரருக்குப் போன் போட்டேன். "கவலைப்படாதீங்க டீச்சர், சம்பா அறுத்ததும் ஆளக் காலி பண்ணிடுறேன்" என்றார் அவர். பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்போடு வீட்டுக்கு நடந்தேன்.

சொன்னதும் அண்ணி கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டார். "அடிப்பாவி! காலையில வந்து என்னக் கேட்டுட்டுத்தானே வெட்டுனாரு! வடிகால் பூரா ஆகாயத்தாமரை, தண்ணி வடிய வழியே இல்ல. 'என்னுது பள்ளம், எப்புடியும் போனதுதாங்க. தண்ணிய என் பக்கம் விட்டுக்கிறேன், உங்க பயிராவது நிக்கட்டும்'னாரு. நீ மொதல்ல வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?"

நம் பயிர் பிழைத்தது. அவருடையது அழுகிப்போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையே மன்னிப்புக் கேட்கப் போனேன். வரப்பில் உட்கார்ந்து செருப்பை அவிழ்த்துக் கால் கழுவிக்கொண்டிருந்தார். வலது காலில் இரண்டு விரல் இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சர்க்கரைங்க டீச்சர். இனிமே வெறுங்காலோட எறங்கக் கூடாதுன்னுட்டாங்க. உங்க பக்கம் தப்பா நெனப்பாங்கன்னு தெரியும். தெனமும் மண்ணத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் எறங்குறேன்" என்றார்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். தனக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் உனக்காகத்தான் அழுதேன். நீயும் இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கலாமே அண்ணா? யார் உன்னை என்ன சொல்லியிருப்பார்கள்? ஊரையெல்லாம் சொன்னவன் நீ ஒருத்தன்தான். உன் வாய்க்கு நீயே பயந்தாயா?

நிலத்துக்காரருக்கு நாலு தடவை போன் போட்டுவிட்டேன். "பாவம் பாத்துப் பேசுறீங்க டீச்சர். நீங்க மொதல்ல சொன்னதுதான் நெசமா இருக்கும்" என்கிறார். குறை சொன்னபோது ஒரே நிமிஷத்தில் நம்பினவர்! இப்போது தொண்டை வற்றக் கத்தினாலும் காதில் ஏறவில்லை. நான் சொன்ன ஒரு சொல்லை நானே போய்த் திரும்ப எடுக்க முடியவில்லை. இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல?

அதனால் நானும் அண்ணியும் பேசி முடிவு செய்துவிட்டோம். அறுவடை முடிந்ததும் உன் வயலை மாரிமுத்துவுக்கே குத்தகைக்கு விடுகிறோம். நேற்று அவரைக் கூப்பிட்டுச் சொன்னோம். சுவரில் மாட்டியிருக்கும் உன் படத்தைக் காட்டிக் கேட்டார்.

"அவங்க வயல்ல நான் செருப்போட எறங்குறது முறையாங்க?"

அண்ணி உன் படத்தைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. "செருப்பில்லாம எறங்குனீங்கன்னா வயல் கெடையாது" என்றார்.

இனி ஆளைப் பார்த்ததுமே முடிவு கட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை. உடம்பில் ஓடுவது உன் ரத்தம். ஆனால் ஒன்று சத்தியம். உன் வயலில் இனி ஒருத்தர் கால் புண்ணாக விடமாட்டேன்.

உன் வாயும் உன் அவசரமும் அப்படியே வாய்த்த,
உன் தங்கச்சி