ஒன்பதாம் பகுதியின் காலி இருக்கைகள்

வீடு மாற்றுவதற்காக நேற்று துணி துவைக்கும் இயந்திரத்தை நகர்த்தியபோது, சுவரோரம் தூசிக்குள் ஒரு மஞ்சள் அட்டை கிடந்தது. விசிறிபோல் மடித்த அட்டை; உள்ளங்கையில் அடித்தால் படபடவென்று சத்தம் வரும். கால்பந்து ஆட்டம் பார்க்க வருபவர்களுக்கு நாம் இலவசமாகக் கொடுத்தது. துடைத்துப் பார்த்தேன். "வாங்கோ, கத்துவம்" என்ற உன் வரி மங்காமல் இருந்தது. புது வீடு இருக்கும் ட்ருகனினாவுக்குப் போகவேண்டிய பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. உனக்காக நான் இன்னும் ஒழுங்காக அழவில்லை. அழுவதற்குப் பதிலாக வேறொரு காரியம் செய்தேன். அதை உன்னிடம் சொல்லியாகவேண்டும்.

அந்த வரிக்காக நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? நான் "வாருங்கள், ஆர்ப்பரிப்போம்" என்று எழுதியிருந்தேன். நீ என் திரையை எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாய்.

"உது என்னடி, கோயில் நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு? சனம் செருப்பைக் கழட்டிப்போட்டெல்லோ உள்ள வரும்."

"அப்ப நீயே எழுது. ஆனா எங்க ஊர்க்காரங்களுக்கும் புரியணும்."

"கத்துறது எல்லாருக்கும் விளங்கும்."

மெல்பர்னில் நாம் வேலை செய்த அந்தக் கிளப் இன்று இல்லை. அதன் பெயரை எழுத எனக்கு மனமும் இல்லை. 2010இல் நான் அங்கே போஸ்டர் வடிவமைக்கச் சேர்ந்தபோது, நீ தொலைபேசியில் மெம்பர்ஷிப் விற்றுக்கொண்டிருந்தாய். நான் திருநெல்வேலி, நீ யாழ்ப்பாணம். ஆபீசில் பாதிப் பேர் நம்மை அக்கா தங்கை என்றே நினைத்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கினால் உன்னால் உட்கார முடியாது. கோல் விழுந்தால் பக்கத்தில் நிற்பவரின் தோளில் ஓர் அடி விழும். ஒருமுறை அந்தத் தோள் கிளப் உரிமையாளரின் மாமனாருடையது. அவர் அடுத்த ஆட்டத்துக்கும் உன் பக்கத்திலேயே வந்து நின்றார்.

ஆனால் ஆட்டத்தைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. இந்த ஊருக்குக் கால்பந்து என்றால் ஃபுட்டி, முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடுவது. கோடையில் கிரிக்கெட், கடற்கரை. கோடை முடியுமுன்பே மறுபடி ஃபுட்டிப் பேச்சு. இடையில் மிஞ்சிய வாரங்களில், உடம்பைப் பொசுக்கும் வெயிலில், நம் பையன்கள் காலி இருக்கைகளுக்கு முன்னால் ஓடினார்கள். மார்க்கெட்டிங் மேனேஜர் டேரனுக்குத் தெரிந்த வைத்தியம், காலிப் பகுதிகளைத் தார்ப்பாயால் மூடி அதன்மேல் விளம்பரம் எழுதுவது, டிவி கேமராவை ஆள் இருக்கும் பக்கம் திருப்பச் சொல்வது. பள்ளிக்கூடங்களுக்குக் கட்டுக்கட்டாக இலவச டிக்கெட் அனுப்பினான். அதற்கும் யாரும் வரவில்லை.

"டிக்கெட் குடுத்தாக் காணாது. கூப்பிடவேணும்," என்றாய் என்னிடம். அதையே அவனிடம் ஆங்கிலத்தில் சொன்னாய். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

நீ அவனுக்காகக் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் மகளையும் கூட்டிக்கொண்டு, நம் சனம் நிறைய வசிக்கும் நோபல் பார்க் புறநகரில் இறங்கினாய். தமிழ்ப் பள்ளி, பள்ளிவாசல், தேவாலய மண்டபம், கடை கடையாக. ஏன் வருவதில்லை என்று கேட்டாய். சொன்னார்கள். குடித்துவிட்டுக் கத்துபவர்கள் பக்கத்தில் பிள்ளைகளை உட்காரவைக்க முடியாது. தொழுகைக்கு இடம் இல்லை. சாப்பிட எதுவும் இல்லை. ரயில் மாறி வரவேண்டும். எல்லாவற்றையும் மகளின் பழைய கொப்பியொன்றில் எழுதிவந்தாய். நான் அதைத் தட்டச்சு செய்து, படம் போட்டு, ஆங்கிலத்தில் அழகாக்கிக் கொடுத்தேன். மைதானத்தின் ஒன்பதாம் பகுதியில் மது கிடையாது, பின்னால் தொழுகைக்கு ஓர் அறை, ஹலால் சாப்பாடு, நோபல் பார்க்கிலிருந்து பஸ். பலசரக்குக் கடை ஃபாரூக் நானா பஸ்களுக்குப் பொறுப்பெடுத்தார்.

முதல் நாள் இரண்டு பஸ் வந்தது. நாலாவது ஆட்டத்தில் ஒன்பதாம் பகுதியின் தார்ப்பாயைக் கழற்றினார்கள். முக்காடு போட்ட பெண்கள், பொட்டு வைத்த பெண்கள், மட்டன் ரோல்ஸ் கையில் பிடித்தபடி நடுவரைத் தமிழில் திட்டும் தாத்தாக்கள். நீ முன்வரிசையில் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்து கத்தினாய். அந்தக் கணத்தை கிளப்பின் புகைப்படக்காரர் எடுத்துவிட்டார்.

ஆட்டப் பருவம் முடிந்த விருந்தில் டேரன் மேடையேறி, "என் திட்டம்" என்று தொடங்கினான். நான் படம் போட்டுக் கொடுத்த அதே பக்கங்கள் அவன் பெயரோடு திரையில் ஓடின. கைதட்டினார்கள். நீயும் தட்டினாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடடி. சனம் வந்தது உண்மைதானே."

அடுத்த வருடம் உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்து ஏற்றும் நாட்களில் நீ விடுப்பு எடுத்தாய். மூன்றாவது மாதம், ஆஸ்பத்திரி நாற்காலியில் ஊசியோடு இருந்தபோது, டேரனின் மின்னஞ்சல் வந்தது. உன் ஒப்பந்தத்தை இனிப் புதுப்பிக்கமாட்டார்கள். உன் பங்களிப்புக்கு நன்றி. நான் அவன் அறைக்குப் போய்க் கேட்டேன். "இது சொந்தப் பகை இல்லை, வேலை," என்றான். நான் திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். ராஜினாமா செய்யவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

அதைவிட உறுத்துவது ஒன்று உண்டு. நீயும் மகளும் கத்தும் அந்தப் படத்தை வைத்துப் பேனர் செய்தவள் நான். உன்னை நீக்குவதற்கு முந்திய வாரம் அச்சுக்குப் போய்விட்டது. ஸ்டேஷன் சுவர்களில் உன் முகம் ஓராள் உயரத்தில் தொங்கியது. ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போகும்போது, தலையில் துணி கட்டிக்கொண்டு, நீ அதைப் பார்த்தாய். நான் பக்கத்தில் இருந்தேன்.

"பார், என்னை வேலையால நிப்பாட்டிப்போட்டு, என்ர மூஞ்சையை மட்டும் வேலைக்கு வச்சிருக்கிறாங்கள்."

நீ சிரித்தாய்.

2012 குளிர்காலத்தில் நீ இறந்தாய். கிளப்பிலிருந்து மலர்வளையம் வந்தது. அட்டையில் உன் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். உன் கணவர் பார்ப்பதற்குள் அதைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்து வந்த கோடையிலேயே சந்தர்ப்பம் வந்தது. பழைய ஸ்பான்சர் விலகிக்கொள்ள, புதிய கம்பெனி ஒன்று கிளப்பைத் தாங்கவருவதாகப் பேச்சு. அவர்கள் வரும் ஆட்டம் டிவியில் நேரடி ஒளிபரப்பு. டேரன் என் மேசைக்கு வந்து நின்றான். "ஒன்பதாம் பகுதி நிறையவேண்டும். உன் ஆட்கள் எல்லோரையும் கொண்டுவா. கேமரா அந்தப் பக்கம்தான் பார்க்கும்."

"கட்டாயம் கொண்டுவருகிறேன்," என்றேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அன்று மாலையே ஃபாரூக் நானாவின் கடைக்குப் போனேன். பஸ் வேண்டாம் என்றேன். மின்னஞ்சலையும் பேனரையும் பற்றிச் சொன்னேன். அரிசி மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் புள்ள மௌத்தாகியும் முகத்தத் தொங்கவிட்டிருக்காங்களா?"

"ஆமா நானா. இன்னிக்கும் தொங்குது."

"நாங்க போகாட்டி அவனுக்கு விளங்குமா?"

"விளங்கும்."

"அப்ப ஒருத்தரும் போகமாட்டாங்க. நான் பாத்துக்கிறன்."

அவர் வீடு வீடாகப் போனார். விஷயம் கிளப் பக்கம் கசியவில்லை.

ஆட்டத்தன்று காலை, ஒன்பதாம் பகுதியின் ஒவ்வொரு இருக்கையிலும் என் கையாலேயே மஞ்சள் அட்டைகளை வைத்தேன். டேரன் கீழிருந்து பெருவிரலை உயர்த்திக் காட்டினான். மூன்று மணிக்கு வாசல்கள் திறந்தன. நான்கு மணிக்கு ஸ்பான்சரின் ஆட்கள் கோட்டும் டையுமாக வந்து உட்கார்ந்தார்கள். ஆட்டம் தொடங்கியது. ஒன்பதாம் பகுதியில் ஒரு தலை இல்லை. வடக்கிலிருந்து வெக்கைக் காற்று அடித்து அட்டைகளைக் கிளப்பியது. மஞ்சள் மஞ்சளாகப் பறந்து புல்தரையில் விழுந்தன. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அவற்றைப் பொறுக்கியெடுக்கச் சொன்னார். கேமரா அதையெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது. நாட்டுக்கே நேரடியாக.

டேரனின் கழுத்து சிவந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு மூச்சு முழுதாக வந்தது.

"எங்கே அவர்கள்?" என்றான்.

"வரமாட்டார்கள். நான்தான் வரவேண்டாம் என்றேன்."

"ஏன்?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். உன் பெயரை முழுதாக, ஒவ்வோர் எழுத்தாக, அப்பாவின் பெயரோடு சேர்த்துச் சொன்னேன்.

அவன் நெற்றியைச் சுருக்கினான். "யார் அது?"

நடிக்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நான் வாசல் பக்கம் தொங்கிய உன் பேனரைக் கை காட்டினேன். "ஓ, விளம்பரத்தில் வரும் பெண்ணா?" என்றான். பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கே ஒழுங்காக நினைவில்லை. சத்தமாகப் பேசினேன். கொப்பி யாருடையது, திட்டம் யாருடையது, ஊசியோடு இருந்தவளுக்கு எந்த மின்னஞ்சல் போனது, எல்லாம். ஸ்பான்சரின் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். உரிமையாளரின் மாமனார் எழுந்து நின்றுவிட்டார். காவலர் ஒருவர் வந்து என்னை மரியாதையாக வெளியே அழைத்துப் போனார்.

அந்தக் கம்பெனி கையெழுத்துப் போடவில்லை. டேரனை அந்த மாதமே வேலையிலிருந்து அனுப்பினார்கள். பருவம் முடிந்தபோது கிளப்பையும் மூடினார்கள். அது என்னால் மட்டும் நடந்ததல்ல. முன்பே ஓட்டை விழுந்த படகு. ஆனாலும் மூழ்கும்போது ஒரு மிதி நானும் மிதித்தேன்.

எல்லாம் முடிந்தபின் உன் கணவரைப் பார்க்கப் போனேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. தேத்தண்ணி தந்தார். குனிந்தபடியே சொன்னார்.

"அவள் இருந்திருந்தா பஸ்ஸை விட்டிருப்பாள், தங்கச்சி."

தெரியும். நீ கட்டாயம் விட்டிருப்பாய். டேரனுக்காக இல்லை, ஞாயிறு முழுதும் வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் அந்தச் சனத்துக்காக. மன்னிப்பது உனக்கு மூச்சு விடுவதுபோல. எனக்கு அது வராது. நீ கற்றுக்கொடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

போன மாதம் பேப்பரில் டேரனின் படம் பார்த்தேன். வேறேதோ விளையாட்டில் பெரிய பதவி. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். பேப்பரைக் கவிழ்த்துப் போட்டேன். உன்னை நினைக்கும்போது முதலில் வருவது உன் சிரிப்பில்லை, அவனுடைய "யார் அது?"தான். அந்தக் கேள்வியை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகிறேன். என்றாவது அவன் எதிரே வந்தால் உன் பெயரை அவன் வாயால் சொல்லவைப்பேன், தப்பில்லாமல். அதுவரைக்கும் என் கோபம் ஆறாது. ஆறவேண்டும் என்று என்னிடம் சொல்லவும் யாரும் வரவேண்டாம், நீ உட்பட.