பதினோரு நோட்டு, ஒரு வட்ட டிக்

திங்கள், ஜூலை 7

காலையிலேயே புழுக்கம். எங்கள் சாரம் ஏரியா முழுக்க கரண்ட் இல்லை. மாவு புளித்துப்போனது, அதையே தோசையாக ஊற்றியாகிவிட்டது.

வாங்க: சிவப்புப் பேனா 2, புளி, வீட்டுக்காரர் செல்வத்துக்கு இருமல் மருந்து.

நாலாம் வகுப்பு வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோ. நேற்று ராத்திரியே வந்திருக்கிறது, நான் காலையில்தான் பார்த்தேன். ஹர்ஷினியின் ஆங்கில நோட்டு. அப்பா பிரான்சில் வேலை. அம்மா தினமும் நோட்டைப் படம் பிடித்து அனுப்புவாளாம். பிள்ளை எழுதியது: 'மை பிரதர்ஸ் ஹேவ் எ சைக்கிள்.' நூற்றுக்கு நூறு சரி. அந்த ஹேவை அடித்து, மேலே சிவப்பில் ஹேஸ். கீழே அந்த மனிதரின் கேள்வி: 'ஒருத்தருக்கு மேல் வந்தால் ஹேவ் என்று என் மகளுக்குத் தெரிகிறது. மிஸ்ஸுக்குத் தெரியாதா?'

ஒன்பது பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். தூக்குங்கள், தூக்குங்கள்.

மிஸ்ஸுக்குத் தெரியும். ஏழு வருஷமாகத் தொண்டை கிழிய அதைத்தான் கத்துகிறேன். அந்தச் சிவப்பு என் கை இல்லை. என் புருஷன் செ.வின் கை.

வெள்ளிக்கிழமை முப்பத்தெட்டு நோட்டைக் கட்டாகத் தூக்கி வந்தேன். எல்லா மிஸ்ஸும் செய்வதுதான். பதினொன்றை செ. பக்கம் தள்ளினேன். "எல்லாருக்கும் ஒரே அஞ்சு வாக்கியம்தாங்க, ஈஸி" என்று சொல்லிவிட்டு மீன் குழம்பைக் கவனிக்கப் போனேன். திரும்ப எடுத்துப் பார்க்காமலே சனிக்கிழமை பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

செவ்வாய், 8

மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு வரவில்லை.

கோஆர்டினேட்டர் மேடம் கூப்பிட்டார். பதினோரு நோட்டும் அவர் மேஜையில். முப்பத்தெட்டையும் வாங்கிப் பார்த்திருக்கிறார்.

"இருபத்தேழு நோட்டு சரியா திருத்தி இருக்கீங்க. பதினொண்ணு மட்டும் எப்பிடி இப்பிடி?"

"டயர்டா இருந்தேன் மேடம்."

"வெள்ளிக்கிழமை ஒரு டெமோ குடுங்க. இதே பாடம். சீனியர் மிஸ் நாலு பேர் உக்காருவாங்க. திருப்தியா இல்லன்னா வேற ஆள் பாக்கச் சொல்லி மேல இருந்து சொல்றாங்க."

ஏழு வருஷம். மறுபடி டெமோ. புதுசாக வேலைக்கு வந்தவள் மாதிரி.

வேறு ஆள் என்றால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? தட்டாஞ்சாவடியில் செ. வேலை பார்த்த கம்பெனியை மூடி நாலு மாதம் ஆகிறது. பைப் மூட்டு செய்கிற கம்பெனி. பதினாலு வருஷம் அங்கே செக்கர். நல்ல பீஸுக்கு ஒரு டிக், அதைச் சுற்றி வட்டம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அந்த டிக்கை அவர் எங்கேயும் விடுவதில்லை. காலண்டரில் சிலிண்டர் வந்த தேதிக்கும் அதுதான். ஹர்ஷினி நோட்டிலும் அதுதான்.

வட்டத்தை மேடம் பார்த்தாரா என்று தெரியவில்லை.

புதன், 9

பஸ்ஸில் நெரிசல். குடை கைப்பிடி உடைந்தது.

சாயங்காலம் வாசலிலேயே செ. கேட்டார். "என்னா, இன்னிக்கும் கட்டு இல்லியா?"

"இந்த வாரம் எல்லாம் ஓரல்ங்க."

மூஞ்சி விழுந்துவிட்டது. இவருக்கு யாரும் போன் செய்வதில்லை. காலையில் காய் நறுக்குகிறார், துணி மடிக்கிறார், மத்தியானம் சும்மா படுத்துக் கிடக்கிறார். நோட்டுக் கட்டு வந்தால் மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரி, மேஜைக்கு வருவார். நான் சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கும் சந்தோஷம்தான்.

அவரிடம் எப்படிச் சொல்ல? சொல்ல மாட்டேன்.

டெமோவுக்கு: சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பென், மாம்பழப் படம், பூனைப் படம். தொண்டைக்கு மிளகு.

வியாழன், 10

சாயங்காலம் நல்ல மழை. துணி எல்லாம் உள்ளே.

காலண்டர் பின்பக்கத்தில் எழுதி, சுவரைப் பார்த்துத் தனியாக டெமோ சொல்லிக்கொண்டிருந்தேன். செ. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். கையைத் தூக்கிக்கொண்டு, "மிஸ், மிஸ், ஒன்னுக்கு!"

"சும்மா இருங்க. நாளைக்கு டெமோ. உள்ள போங்க."

"புள்ளைங்க இல்லாம எப்பிடி நடத்துவ? நடத்து. கேக்கறேன்."

விரட்டியிருக்க வேண்டும். விரட்டவில்லை. ஒரு பூனை, ஹேஸ். மூன்று பூனை, ஹேவ். அப்பாவும் அம்மாவும், ஹேவ். சரியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். குரல் மெல்ல இறங்கியது. 'மை பிரதர்ஸ்' என்று நான் ஆரம்பித்ததும் நின்றுவிட்டது.

"கலா. இத நான் போன வாரம் பாத்தேன்."

நான் காலண்டரைச் சுருட்டினேன்.

"மேல இருந்த நோட்ட சாம்பிளா வெச்சிக்கினேன். ஃபர்ஸ்ட் ரேங்க் புள்ளன்னு நீதான சொன்ன. அதுல ஹேஸ்னு இருந்திச்சி. மத்த பத்தையும் அதுக்கு ஒத்துப் பாத்து அடிச்சேன். கம்பெனில அப்பிடித்தான். சாம்பிள் பீஸ் தப்பா இருக்கும்னு யாரு நெனப்பா?" அப்புறம், "அதுக்குத்தான் டெமோவா?"

தலையாட்டினேன்.

"நான் வந்து சொல்லிடறேன். எம்மேல தப்புன்னு."

"நோட்ட வெளியாள் கையில குடுத்தேன்னு தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவாங்க."

"வெளியாளா நானு?"

அதைக் கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகக் கேட்டார். பிறகு ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார், இருவரும் அதையே சாப்பிட்டோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவர் மேல் இல்லை. அவர் வேலையை ஒரு பார்வை பார்க்காமல் பையில் திணித்தவள் நான்தான்.

வெள்ளி, 11

வெயில். நீலப் புடவை.

நாலு சீனியர் மிஸ்ஸும் குட்டி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து பிள்ளைகளாக நடித்தார்கள். "மிஸ், இவ என்னைக் கிள்றா." "மிஸ், பென்சில் காணோம்." மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். முதுகெல்லாம் வேர்வை. ஒரு பூனை, மூன்று பூனை, அப்பாவும் அம்மாவும். எங்கேயும் தடுக்கவில்லை. நேற்று ஸ்டூலில் உட்கார்ந்தவருக்குச் சொன்னதையே சொன்னேன்.

முடிந்ததும் மற்றவர்களை அனுப்பிவிட்டு மேடம் நோட்டை எடுத்தார்.

"பாடம் நல்லாத்தான் எடுக்கறீங்க. அதான் எனக்குப் புரியல." இரண்டு நோட்டை அருகருகே விரித்தார். "இதுல சாதா டிக். இதுல வட்டம் போட்ட டிக். ரெண்டு கை தெரியுதே கலா."

"ரெண்டும் என் கைதான் மேடம்."

"அப்பிடியா?" ஒரு வெள்ளைத் தாள், சிவப்புப் பேனா. "போடுங்க பாப்பம்."

போட்டேன். டிக். வட்டம். புள்ளி. கல்யாணம் ஆனதிலிருந்து சமையலறைச் சுவரில் பார்த்துக்கொண்டிருக்கிற டிக். வட்டம் இடது பக்கம் கொஞ்சம் சப்பையாக இருக்கும், அதுகூட வந்துவிட்டது.

மேடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எழுதிக் குடுத்துடுங்க. இனிமே உங்க நோட்டுல வேற யாரும் பேனா வெக்க மாட்டாங்கன்னு. பதினோரு வீட்டுக்கும் போன் பண்ணி சாரி சொல்லுங்க."

எழுதிக் கொடுத்தேன். வேலை இருக்கிறது. பத்து வீடு பரவாயில்லை. ஹர்ஷினி அம்மா மட்டும், "அவரு கிட்ட நீங்களே சொல்லிடுங்க மிஸ்" என்று நம்பர் கொடுத்தாள். அவரிடமும் சொல்லித் தொலைத்தேன்.

பொய் சொன்னதற்கு வெட்கமாக இல்லை. இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, இல்லை.

சனி, 12

அரை நாள் ஸ்கூல். முப்பத்தெட்டு நோட்டு, வீட்டுப்பாடம், மறுபடி அதே பாடம். புளி இன்னும் வாங்கவில்லை.

எழுதிக் கொடுத்ததைப் பற்றி செ.விடம் நேற்றே சொல்லிவிட்டேன். மத்தியானம் நான் மேஜையில் கட்டைப் பிரித்தேன். அவர் எதிரில் வரவில்லை. கூடத்தில் நின்று ஏற்கனவே மடித்த துண்டை மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்களேன்."

"வேணாம். எழுதிக் குடுத்திருக்க இல்ல."

நாலு நோட்டுத் திருத்தினேன். ஒவ்வொன்றிலும் பக்கத்தைத் தேடவே நேரம் போனது. உள்ளே போனவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். தலை வாரியிருந்தார்.

"பேனாதான வெக்கக் கூடாது? பக்கம் எடுத்துக் குடுக்கலாம் இல்ல?"

ஸ்டூலை இழுத்துப் போட்டார். பக்கம் விரித்து என் முன்னால் வைப்பார், திருத்துவேன், மூடி அடுக்குவார். மளமளவென்று ஓடியது.

பத்தொன்பதாவது நோட்டு, அந்த ஃபர்ஸ்ட் ரேங்க் பையனுடையது. விரித்து வைத்தார். ஆனால் கையை எடுக்கவில்லை. மூன்றாவது வரிக்குக் கீழே விரல். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குனிந்து படித்தேன். மை ஃபாதர் அண்ட் மதர் ஹேஸ்.