குதிரை வீடு

14-7-38, வியாழன். விழுப்புரம்.

புழுதிக் காற்று. வெளுக்கப் போட்ட சட்டை வந்தது, காலர் பொத்தான் இல்லை. கனகம் இருந்தால் தைத்து வைத்திருப்பாள். அவள் கண்ணை மூடி நாலு மாதம்.

சனிக்கிழமை சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டம். எதிரே திண்டிவனம் அருளப்பன், பள்ளிக்கூட வாத்தியார். ஜெயிப்பவர் பட்டணத்துப் போட்டிக்குப் போகலாம். "ஒரு தபா பட்டணத்துல ஆடிட்டு வாங்களேன்" என்று கனகம் சொல்லாத வருஷம் இல்லை. போயே ஆக வேண்டும்.

16, சனி.

எழுதக் கை வரவில்லை. இருந்தும்.

ஜெயிக்கிற ஆட்டம். என் சிப்பாய் கடைசிக் கட்டம் ஏறியது. போட்டிச் சட்டப்படி ராணி வைக்கலாம். நான் வைத்தது குதிரை! வீட்டில் கனகத்தோடு ஆடி ஆடி வந்த பழக்கம். எந்தக் காயின் வீட்டில் சிப்பாய் ஏறுகிறதோ அந்தக் காய்தான். "குதிர வூட்டுக்கு வந்தா குதிரதான், ராணி கீணிலாம் கெடையாது" என்பாள். கை தானாகப் போயிற்று.

ராணி என்றால் ஆட்டம் என்னுடையது. குதிரையோடு தோல்விதான்.

"மாத்திக்குங்க சார்" என்றார் அருளப்பன். நடுவர் விடவில்லை. "வெச்சது வெச்சதுதாங்க."

அதற்குப் பிறகு அ. காயைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கடிகாரம் ஓடி நேரம் தீர்ந்தது. எனக்கு ஜெயம் என்றார்கள்.

வெளியே வந்து பிடித்துக்கொண்டேன். "இன்னாங்க, எனக்குப் பிச்ச போட்றீங்களா?"

"எங்க வூட்லயும் குதிரதாங்க" என்றார். ஸ்டேஷன் பக்கம் போய்விட்டார்.

17, ஞாயிறு.

ஆடி பிறந்தது. பெண்டாட்டி இல்லாத வீட்டில் என்ன ஆடி. ஆபீஸ்காரர்கள் வந்து கைகுலுக்கினார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. பெட்டி கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். போகச் சொன்னவள்தான். ஆனால் இப்படி ஜெயித்து வந்தால் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டாள்.

18, திங்கள்.

காலை வண்டி. தூறல். பக்கத்தில் ஒருவர் மல்லாட்டை உரித்துக் கடலைத் தோலையெல்லாம் என் வேட்டியில் போட்டார்.

திண்டிவனத்தில் வண்டி நின்றதும் இறங்கிவிட்டேன். விசாரித்து அ. வீடு. மனிதர் பதறிப்போனார். "வண்டி போயிடுமே சார்!"

"போவட்டும். விட்ட எடத்துலேர்ந்து ஆடலாம், வாங்க."

"அப்ப ராணி வெச்சிக்குங்க."

"குதிரதான்."

ஆடினோம். இம்முறை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தோற்றேன். பலகைமேல் குனிந்தபடியே அழுதேன், கனகம் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

தோற்றது நான் என்று போட்டிக்காரர்களுக்குச் சீட்டு எழுதி அ. கையில் கொடுத்து, மத்தியான வண்டியில் அவரைப் பட்டணத்துக்கு ஏற்றிவிட்டேன்.