டிலானியின் பெயரில் ஒரு மனவுறுதிக் கிண்ணம்

என் ஆசை மச்சாள் டிலானிக்கு,

உனக்கு ஒரு கிண்ணம் செய்திருக்கிறார்கள். பித்தளையில், இரண்டு காது வைத்து, உன் பெயரைப் பொறித்து. இனி ஆண்டுதோறும் நம் டென்னிஸ் கழகப் போட்டியில் மனம் தளராமல் ஆடும் பிள்ளைக்கு அதைக் கொடுப்பார்களாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் கிண்ணத்தைக் கொடுக்கப் போவது யார் தெரியுமா? நான்தான். இரட்டையர் ஆட்டத்தில் ஏழு வருடம் உன் பக்கத்தில் நின்றவள் அல்லவா!

எனக்கு வருகிற கோபத்துக்கு அதைத் தூக்கி வாவிக்குள் வீசலாம் போலிருக்கிறது.

உன் ஆண்டுத் திவசத்தன்று பின்னேரம் கழகத் தலைவர் உன் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். "காய்ச்சலோட நிண்டு வெண்ட பிள்ளை. இதுதானே மனவுறுதி!" உன் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு மாமி சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "அவள் சின்னனிலயே அப்பிடித்தான். நோகுது எண்டு வாய் திறக்க மாட்டாள்" என்றார். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி குனிந்திருந்தேன்.

அந்த வாய் எங்கே, எப்படி மூடப் பழகியது என்று மாமிக்குத் தெரியாது. மனதை இறுக்க வேண்டும் என்று பதினேழு வயதில் நாம் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தோமே! சித்திரை வெயிலில், பன்னிரண்டு மணிக்கு, வாவிக்கரைச் சீமெந்துத் தளத்தில் பந்தை அடித்துக்கொண்டே இருப்பது. யார் முதலில் "ஏலாது" என்கிறாளோ அவள் தோற்றவள். வேலிக்கு அப்பால் விழுந்த பந்தையெல்லாம் முழங்கால் சேற்றில் இறங்கி அவள்தான் பொறுக்க வேண்டும். நான் எத்தனை தரம் இறங்கியிருப்பேன்! நீ ஒரு தரம்கூட இறங்கவில்லை. அந்தப் பெருமை உனக்குக் கொஞ்சமாகவா இருந்தது?

பொய் சொல்லக் கூடாது, அது பலன் தந்தது. கொழும்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பயிற்சியாளரோடு வந்து நின்றபோதும் நாம் பயப்படவில்லை. ஒரு பந்து பிழைத்தால் நீ வலைக்கு முதுகைக் காட்டி நின்று, றக்கெட் நரம்பை விரலால் சரிசெய்து, பிழைத்ததை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்புவாய். எனக்கு அது கடைசி வரை வரவில்லை.

போன வருடம் அந்த இறுதி ஆட்டத்தில் முதல் செட் தோற்றோம். கதிரையில் இருந்தபோது உன் கை என் கையில் பட்டது. கொதித்தது. "தலையிடிக்குது கா. கண்ணுக்குப் பின்னால குத்துது" என்றாய். இத்தனை வருடத்தில் நீ சொன்ன முதல் முறைப்பாடு அது. நான் என்ன செய்தேன்? என் முழங்கால் நோவுக்கு வைத்திருந்த குளிசையில் இரண்டை எடுத்து உன் உள்ளங்கையில் வைத்தேன். "போட்டுத்து வா கா. இன்னும் ரெண்டு செட்தானே."

வென்றோம். அடுத்த நாளும் கேட்டாய், கொடுத்தேன். மூன்றாம் நாள் ஆசுபத்திரியில் டெங்கு என்றார்கள். டெங்குக்கு அந்த வகைக் குளிசை ஆகாது, இரத்தக் கசிவைக் கூட்டிவிடும் என்று அங்கேதான் அறிந்தேன். டொக்டர் உன்னிடம் கேட்டார்: "நோவுக்கு ஏதும் குளிசை போட்டீங்களா?" கட்டிலுக்கு ஒரு பக்கம் மாமி, மற்றப் பக்கம் நான். நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "இல்ல டொக்டர்" என்றாய்.

ஏன் மச்சாள்? என்னைக் காப்பாற்றச் சொல்லி உன்னை யார் கேட்டது? "ஓம், இவள்தான் தந்தவள்" என்றால் உன் வாயிலிருந்த முத்தா உதிர்ந்திருக்கும்? நானும் மரம் மாதிரி நின்றேனே, அது என்ன மண்ணாங்கட்டி உறுதி? சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியாது. அது தெரியாமலேயே நான் கிழவியாக வேண்டும்.

நேற்று மத்தியானம் தளத்துப் பக்கம் போனேன். கழகத்துச் சின்னப் பெண்கள் நாலு பேர் வெயிலில் நம் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. சப்பாத்து நாடாவைத் தளர்த்திவிட்டு நொண்டி நொண்டி ஓடினாள்.

"நிப்பாட்டு கா!"

"ஏலும் அக்கா. டிலானி அக்காட கிண்ணம் எனக்குத்தான்."

றக்கெட்டைப் பறித்து எறிந்தேன். கத்தினேன். பிள்ளை அழுதாள். பார்த்தவர்கள் எனக்கு விசர் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மாமிக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஆறுதலையும் உடைக்கலாமா என்று ஒரு கிழமையாக யோசித்தேன். அது நான் எனக்கே சொன்ன சாட்டு. மாமி என்னைப் பார்க்கப் போகிற பார்வைக்குத்தான் பயம். உன்னோடு நின்று எத்தனை பேரை வென்றேன்! ஒருத்தருக்கும் இப்படிப் பயந்ததில்லை.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் கொக்கட்டிச்சோலைக்கு மாமியிடம் போகிறேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். படலையைச் சாத்தினால் வெளியே நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால், மைக்கிலும் சொல்வேன். கண்ணாடிக்கு முன் நின்று பழகியும் விட்டேன்: "மாமி, அந்தக் குளிசையை அவளுக்கு நான்தான் குடுத்தன்." ஆறே சொல். ஒரு வருடமாகத் தொண்டையில் நிற்கிறது. உன்மேல் சத்தியம், நாளைக்கு வெளியே வரும்.

உன் மாமன் மகள்,
சுகி