குப்பை லாரியின் நாற்பது நிமிடம்

ஜூன் 10
லாரியில் மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிகிறது. புகை வடிகட்டியில் கரி நிரம்பிவிட்டதாம். நிரம்பாமல் என்ன செய்யும்? பதினெட்டு கிலோமீட்டர் தீவில் வீட்டுக்கு வீடு நின்று குப்பை எடுக்கிறேன். சூடேறினால்தான் கரி தானாக எரியும். இங்கே வண்டி சூடேறுவதற்குள் கடல் வந்துவிடுகிறது.

ஜூன் 11
துறைமுகத்தில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினேன். வண்டி நின்ற இடத்திலேயே நாற்பது நிமிடம் உறுமிக் கரியைச் சுட்டுச் சாம்பலாக்கும். காபி குடித்துவிட்டு வந்தால் ஒரே அமைதி. வீபெகே அக்கா சாவியைத் திருப்பி அணைத்திருக்கிறார். (இந்தத் தீவில் யார் வண்டியிலிருந்து சாவியை எடுக்கிறார்கள்?) தபால் ஆபீசில் ஓய்வு பெற்றவர், இப்போது சுத்தக் காற்று சங்கத் தலைவி. சங்கத்தில் மொத்தம் இரண்டு பேர். மற்றவர் அவர் கணவர், பாவம்.

"ஒரு நிமிஷத்துக்கு மேல சும்மா எஞ்சின ஓடவிட்டா குத்தம், டோர்கில்!"
"சும்மா ஓடலக்கா, வேலை செய்யுது."
"நின்னுக்கிட்டே என்ன வேலை?"

ஜூன் 14
சர்ச்சுக்குப் பின்னால் ஒளித்து நிறுத்தினேன். இருபத்திரண்டாம் நிமிடத்தில் சைக்கிளில் வந்துவிட்டார். நகராட்சிக்குப் போன் போடுவேன் என்றார். நானே அணைத்தேன். கோழை!

ஜூன் 16
மளிகைக்கடையில் நின்றபடி அக்கரை மெக்கானிக் ஐனருக்குப் போன் செய்தேன். "வண்டிக்கு மலச்சிக்கல்டா," என்றான். "இன்னொரு தடவை பாதில நிறுத்தினே, அப்புறம் வண்டி நடக்கும், ஓடாது. கப்பலேத்தி இங்க கொண்டுவா, சரிபண்ண மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரமா? இருபத்து மூன்றாம் தேதி நெருப்பு விழா. கோபன்ஹேகனிலிருந்து ஆயிரம் பேர் வந்து குப்பை போடுவார்கள். சீசனில் ஒரு நாள் வண்டி நின்றாலும் வேலையை அக்கரைக் கம்பெனிக்குக் கொடுப்போம் என்று நகராட்சி சொல்லியாகிவிட்டது. எனக்கு வேறு என்ன வேலை தெரியும்? ஆடு மேய்க்கலாம். ஆடும் எனக்குப் பிடிக்காது.

ஜூன் 17
வாசலில் உலர்ந்த பிளம்ஸ், இரண்டு பை. யார் வைத்தது?

ஜூன் 18
இன்னும் மூன்று பை. கூடவே ஆளி விதை. பாதிரியார் தோளைத் தட்டி, "நிறையத் தண்ணி குடிங்க, சரியாயிடும்," என்றார். அப்போதுதான் உறைத்தது, எல்லாம் மலச்சிக்கலுக்கு வைத்தியம். கடையில் போனில், "ஒரு வாரமா அடைச்சுக்கிட்டு இருக்கு, ஒண்ணும் வழியில்ல" என்று கத்தியது நான்தானே!

ஜூன் 19
வீபெகே அக்காவே பிளம்ஸ் கூழோடு வந்தார்.
"கூச்சப்படாத. எங்க வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு."
"எனக்கில்லக்கா! வண்டிக்கு! நீங்கதான் காரணம்!"

கத்திவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. ஆறிக்கிடந்த புகைக்குழாயை அவருடைய வெள்ளைக் கைக்குட்டையாலேயே உள்ளே துடைக்கச் சொன்னேன். வெள்ளையாகவே வந்தது. மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டும் பார்த்தார்.

"அப்போ கரி எங்க?"
"உள்ள. அத்தனையும் வெளிய விடாம முழுங்கி வெச்சிருக்கு. எரிக்கத்தான் நாப்பது நிமிஷம் கேக்குது. நீங்க இருபதுல நிறுத்திடறீங்க."

அக்கா கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "காலைல எட்டு மணி, துறைமுகம்," என்றார்.

ஜூன் 20
வண்டி முன்னால் நாற்காலி போட்டு, கடிகாரத்தோடு உட்கார்ந்தார். இதுதான் கடைசி வாய்ப்பு. கப்பலிலிருந்து இறங்கிய சுற்றுலாக்காரர் ஒருவர், "எஞ்சின அணைங்க, காத்து கெடுது," என்றார்.
அக்கா எழுந்துவிட்டார். "உனக்கு என்னய்யா தெரியும்? அது காத்துக்காகத்தான் நிக்குது! போய்யா!"
ஓடிவிட்டார். நாற்பதாவது நிமிடம் விளக்கு அணைந்தது. அழுதேன். கொஞ்சம்தான்.

ஜூன் 24
விழாக் குப்பை, ஒன்பது நடை. வண்டி பறந்தது.

ஜூலை 8
நகராட்சிக் கடிதம். இன்னும் இரண்டு வருடத்துக்கு நான்தான்! கூடவே என்மேல் வந்த ஒரு புகாரின் நகல். போன வாரம், மீன் வாங்கும் அவசரத்தில், முப்பத்தைந்தாவது நிமிடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டேனாம். கையெழுத்து: தலைவி, சுத்தக் காற்று சங்கம்.