மூக்கை நம்பாமல் ஒரு வாரம்

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். மிளகாய் காயப்போட நல்ல நாள்.

காய்ச்சல் விட்டுப் பன்னிரண்டு நாள். வாசனை மட்டும் திரும்பவில்லை. டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம். பொறுத்துப் பாருங்க" என்கிறார். பதினோரு வருஷமாகப் பொடி விற்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது.

இன்று ஒரு கிலோ மல்லி கருகிப் போச்சு. வாணலி முன்னால்தான் நின்றேன், தெரியவில்லை. கீழே இஸ்திரி போடும் செல்வி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். "இன்னாக்கா, வூடு பத்திக்கிச்சா? கீழ வரைக்கும் தீயிற நாத்தம்!"

மல்லி குப்பைக்கு. குளியலறையில் கொஞ்சம் அழுகை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பன்னிரண்டு வீட்டுக்கு சாம்பார் பொடி, ரசப் பொடி தரணும்.

வாங்க: மல்லி, துவரம்பருப்பு, பினாயில்.

செப். 9, செவ்வாய்

மேகமூட்டம். செல்வியைக் கூப்பிட்டு அடுப்புப் பக்கத்தில் நிற்க வைத்தேன். இன்று அவள்தான் என் மூக்கு.

"வாசம் எப்படி இருக்கு?"

"நல்லா கீதுக்கா."

"நல்லான்னா எப்படி? எது மாதிரி?"

யோசித்தாள். "காட்டன் சட்டையில தண்ணி தெளிச்சு பொட்டிய வெச்சா மொத ஆவி வரும் பாரு. அப்டி கீது."

சட்டென்று அடுப்பை அணைத்தேன். சரியான பதம். விரலில் நசுக்கிப் பார்த்தால் மொறுமொறுவென்று உடைகிறது. அவள் சொன்னதைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்தேன். ஏன் என்று தெரியவில்லை. பிடித்திருந்தது.

செப். 10, புதன்

பார்க்கிறவரிடமெல்லாம் டப்பாவை நீட்டினேன்.

மேல்வீட்டுப் பட்டு மாமி (கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்), ரசப் பொடியை மோந்துவிட்டு: "கல்யாணத்துல சம்பந்தி கோச்சுண்டு, சமாதானமாகி, ஒருவழியா எல்லாரும் பந்தியில உக்காரறச்சே வருமே, அந்த வாசனைடி பார்வதி." எழுதிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் தி. நகர் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவு. அங்கே ஒரு புடவைக்கு அரைமணி நேரம் பேசுவார். வீட்டில்:

"எப்படி இருக்கு?"

"மணக்கு."

"எப்படி மணக்கு?"

"நல்லா மணக்கு."

இந்த மனுஷரிடம் கேட்டேன் பாரு.

செப். 12, வெள்ளி

நேற்று எழுதவில்லை. தலைவலி.

காது இருக்கிறதே, இத்தனை நாள் அதை வேலைக்கு வைக்கவில்லை. மல்லி முதலில் சும்மா இருக்கும், அப்புறம் படபடக்கும், சத்தம் அடங்கும்போது இறக்கணும். காய்ந்த மிளகாயைக் குலுக்கினால் விதை கலகலக்கணும். மூன்று ஈடு வறுத்தேன். செல்வி மூன்றுக்கும் பாஸ் போட்டாள்.

சாயங்காலம் மாட வீதியில் மல்லிகைப்பூ இரண்டு முழம். பழக்கதோஷம், மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றும் இல்லை. ஈரநூல். அப்படியே நின்றுவிட்டேன்.

பூக்கார அம்மா: "இன்னாமா, வாடிப் பூட்ச்சா?"

"பூ நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் மூக்கு வேலை செய்யல."

"அப்ப எதுக்குமா வாங்குற?"

"பக்கத்துல நிக்கிறவங்களுக்கு."

விழுந்து விழுந்து சிரித்தார். கொசுறாக ஒரு கை உதிரிப்பூ. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் இறங்கும் வரை என் தலைப் பக்கமே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமாக இருந்தது.

செப். 13, சனி

மழை தூறி விட்டது. பாக்கெட் வேலை. அச்சடித்த லேபிள் தீர்ந்துபோனதால் கையால் எழுதினேன். நாலைந்து எழுதியதும் 'சாம்பார் பொடி' என்பது மொட்டையாகத் தெரிந்தது. கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'பருத்திச் சட்டையில் இஸ்திரிப் பெட்டி வைத்ததும் எழும் முதல் ஆவி - செல்வி.' ரசப் பொடியில் மாமியின் சம்பந்தி சண்டை.

செல்வி லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எம் பேரா? தமாசுக்கு இல்லியே?"

அவளுக்கு ஒரு டப்பா. வீட்டில் காட்டப் போகிறாளாம்.

செப். 15, திங்கள்

நேற்றே எல்லா வீட்டுக்கும் கொடுத்தாச்சு. இன்று போன் மேல் போன். குறை சொல்லத்தானோ என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

அடையாறு டீச்சர்: "சட்டை ஆவின்னு எழுதியிருக்கீங்க, நான் ஒத்துக்க மாட்டேன். எனக்கு அட்டை போட்ட புது நோட்டு வாசனைதான் வருது."

ராயப்பேட்டை நர்ஸ்: டியூட்டி முடிந்து சாவியைத் திருப்பிக் கதவு திறக்கும் வாசனையாம்.

மந்தைவெளியில் ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இதை வைத்தே சண்டையாம், சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அடுத்த லேபிளில் தங்கள் வரி வரணுமாம், இருவருக்கும்.

என் பொடிக்கு ஒரே வாசனை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மூக்கு சரியாக இருந்தவரை யாரிடமும் கேட்கத் தோன்றியதே இல்லை.

புது நோட்டு வாங்கியாச்சு. இருபத்திமூன்று வரி சேர்ந்திருக்கிறது.

செப். 16, செவ்வாய்

வெயில். மூக்கு அப்படியேதான். காலையில் காப்பித்தூளில் சோதனை: பூஜ்யம்.

கறிவேப்பிலைப் பொடிக்கு வறுத்துக்கொண்டிருந்தேன். அவர் கடைக்குக் கிளம்பியவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"எழுதிக்கோ."

"என்னத்த?"

"நாம மெட்ராஸ் வந்த புதுசு. கடையில மத்தியானம் நீ குடுத்துவிட்ட டப்பாவத் திறந்தேன். இந்த மணம்தான். சுத்தி நூறு பேரு, ஒருத்தரயும் தெரியாது. ரெண்டாவது மாடி பூரா நம்ம வீடா ஆயிட்டு. அன்னைக்கு ஊருக்கே திரும்பிரலாம்னு நினைச்சிருந்தேன். போகல."

இதை ஒருநாளும் சொன்னதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நோட்டை எடுத்தேன்.

"லேபிள்ல இவ்வளவுக்கு எடம் இல்லயே" என்றேன்.

"அப்ப டப்பாவப் பெருசாக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.