மூன்றாம் குழாயின் பின்பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே பட்டறை. நான் இங்கே ஸ்டோர் இன்சார்ஜ். அதாவது பாதி உலகத்துக்குச் சக்கரவர்த்தி.

இன்று உலையை மூடினோம். ஆறு குழாய், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உறை. உள்ளே எரிவாயுவும் நீராவியும் போகும், ஹைட்ரஜன் கலந்த வாயுவாக வெளியே வரும். மற்ற ஊர்களில் இதற்குக் குழாயைச் சுற்றி நெருப்பு வைப்பார்கள், ஒரே புகை. எங்களுடையதில் நெருப்பே கிடையாது. குழாயிலேயே கரண்ட் பாய்ச்சினால் அதுவே பழுத்துவிடும். வரைந்தது என் அக்கா மகள் தேன்மொழி. உலகப் புகையில் முக்கால்வாசியை எங்கள் குடும்பம் ஒழிக்கிறது.

மூடும் முன் பூஜை. "பொட்டெல்லாம் வெளித்தகட்டுல மட்டும். குழாயை யாரும் தொடக் கூடாது" என்றாள் தேனு. பிள்ளை உள்ளே இருக்கும்போது வாசற்கதவுக்கா பொட்டு வைப்பார்கள்? அவள் திரும்பிய நேரம் பார்த்து மூன்றாம் குழாயின் பின்பக்கம் ஒன்று வைத்தேன். சமயபுரம் கடைக் குங்குமம். எட்டணா அகலம்.

மார்ச் 4, புதன்

வெறும் நைட்ரஜன் விட்டு முதல் சூடு. நானூறு டிகிரி வரை. இரைச்சல் இல்லை, சுடர் இல்லை. பக்கத்தில் நின்றால் முகம் மட்டும் காய்கிறது. பிடிக்கவில்லை.

டீ நேரம். வெல்டர் சேகர் ஸ்பேர் குழாயில் கண்ட பேனாவால் நம்பர் எழுதிவிட்டான். தேனு பிடித்துக்கொண்டாள்.

"அந்த மையில ஈயம், கந்தகம் இருந்தா சூட்டுல உருகி உலோகத்துக்குள்ள இறங்கிடும், சேகர் அண்ணே. குழாய் விரிஞ்சிடும். உள்ள ஹைட்ரஜன். அப்புறம் நம்மள சல்லடை போட்டுத்தான் தேடணும்."

"குங்குமத்துல அதெல்லாம் இருக்காதே?" என்றேன், விளையாட்டுப் போல.

"கடைக் குங்குமத்துல செந்தூரம் கலப்பாங்க மாமா. அது ஈயம்தான். ஏன்?"

"சும்மா."

டீ புரையேறியது.

மார்ச் 5, வியாழன்

லீவு போட்டேன். வயிற்றுவலி என்று பொய். மத்தியானம் நிஜமாகவே வந்துவிட்டது.

சொன்னால்: உறையைப் பிரிக்க வேண்டும். நாளை பதினொரு மணிக்கு வாயு திறப்பு, பார்க்க ஆட்கள் வருகிறார்கள். தேனுவின் மூன்று வருஷ உழைப்பு.
சொல்லாவிட்டால்: பேனல் முன்னால் நிற்கப் போவது அவள். குழாய்க்கும் அவளுக்கும் பத்தடி.

"என்ன, வீட்ல சத்தமே காணோம்?" என்றாள் வீட்டுக்காரி. "பேசாம இருந்தா பயமா இருக்குங்க."

சாயங்காலம் கே.கே. நகர், தேனு வீடு. சொல்லத்தான் போனேன். நாளைக்கென்று புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, முன்வரிசையில உங்களுக்குச் சேர்." காவிரியில் முதலையை ஒற்றைக் கையால் கரையேற்றிய கதையைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சிரித்தாள். என் பொய்க்கு நானே காறித் துப்பியது இதுவே முதல் முறை.

மார்ச் 6, வெள்ளி

மேகமூட்டம். காற்றே இல்லை. ஒன்பது மணிக்குத் தேனுவிடம் சொல்லிவிட்டேன்.

திட்டவில்லை. "எந்தக் குழாய்?"

"மூணாவது. பின்பக்கம்."

அதன் உறையைப் பிரித்தோம். பொட்டு கருகிக் கிடந்தது. சுரண்டினாள், விரிசல் இருந்தால் காட்டிக்கொடுக்கும் சிவப்பு மை தடவினாள், துடைத்தாள், வெள்ளைப் பொடி தெளித்தாள். எட்டுப் பேர் சுற்றி நின்றோம். வெள்ளையில் மெல்ல ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்தது. பிறகு கிளை விட்டது.

முதலாளி வந்தார். "ஒரு குழாய்தானேம்மா? அதை அடைச்சிட்டு மத்த அஞ்சையும் ஓட்டு. ஆளுங்க வந்துட்டே இருக்காங்க."

தேனு எங்களைப் பார்த்தாள். "மத்த அஞ்சுலயும் யாரும் எதுவும் வைக்கலையே?"

சேகர் தரையைப் பார்த்தபடியே கை தூக்கினான். "ஒண்ணாவது, மேடம். சின்னதாத்தான்." கிரேன் ஓட்டும் பழனி இரண்டாவதற்குத் தூக்கினார். பெயின்டர் நாலாவதற்கு.

முதலாளி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அஞ்சாவது… எங்க வீட்ல அவங்க வெச்சாங்கம்மா."

ஆறாவதற்கு யாரும் கை தூக்கவில்லை. தேனு வாயு வால்வுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்து, அந்த உறையையும் பிரித்தாள். அதிலும் ஒரு பொட்டு இருந்தது.